‘க்வைட் குட்’ என்று மெயில் வந்தால் அது பாராட்டா, இல்லையா?

மண்ணடி ஷிப்பிங் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மண்ணடியில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்து அனுப்பி வைக்கும் ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் ஆபீஸில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வெளிநாட்டு ஏஜென்ட்டுகளோடு பேச்சு எல்லாம் மெயிலில்தான், அதனால் அவர்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போது ஆபீஸில் ஒரு சொல்லை வைத்துப் பெரிய வாக்குவாதம். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று காட்டும் பேக்கிங் லிஸ்ட்டுக்குப் புதிதாக ஒரு ஃபார்மேட் தயார் செய்து லண்டன் ஏஜென்ட்டுக்கு அனுப்பினோம். அவர் ‘இட்ஸ் க்வைட் குட்’ என்று எழுதி, கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்காம், இனிமேல் எல்லா ஷிப்மென்ட்டுக்கும் இதையே போடுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பக்கத்து சீட்டில் இருக்கும் அக்கா முன்பு ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு வேலை பார்த்தவர். அவர், இது பாராட்டு இல்லை, ஏதோ பரவாயில்லை என்கிற அளவுக்குத்தான் சொல்லியிருக்கிறார் என்கிறார்.

அகராதியில் ‘க்வைட்’ (quite) என்ற சொல்லைப் பார்த்தால் இரண்டுமே போட்டிருக்கிறது. ‘முழுக்க’ என்றும் இருக்கிறது, ‘ஓரளவு’ என்றும் இருக்கிறது. முழுக்கவும் ஓரளவும் ஒரே சொல்லுக்கு எப்படிப் பொருளாக இருக்க முடியும்? இதற்கு நடுவில் அமெரிக்க பையர் ஒருவர் ‘வீ ஆர் க்வைட் ஹேப்பி வித் தி ரேட்ஸ்’ என்று எழுதுகிறார். அவருக்கு ரேட் ரொம்பப் பிடித்திருக்கிறதா, இல்லை அடுத்த முறை குறைக்கச் சொல்லப் போகிறாரா? இன்னொருவர் ‘க்வைட் எ ஃப்யூ கார்ட்டன்ஸ்’ நனைந்துவிட்டது என்கிறார். ஃப்யூ என்றால் கொஞ்சம்தானே? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக எழுதுங்கள், அகராதியில் இருப்பதை அப்படியே போட வேண்டாம், அது என்னிடமே இருக்கிறது.

---

தண்டையார்பேட்டை டீச்சர்:

தம்பி, நல்ல கேள்வி. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும்போது இந்த இடத்தில் மட்டும் அவசரப்பட மாட்டேன், ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு அர்த்தத்தைத் தனியாக மனப்பாடம் செய்தால் பயன் இல்லை. க்வைட்டுக்கு அடுத்து என்ன சொல் வருகிறது என்று பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

பண்பைச் சொல்லும் சொற்களில் இரண்டு வகை. ஒரு வகையில் கூட, குறைய என்று அளவு இருக்கும். குட், ஹாட், டால், பிஸி, எக்ஸ்பென்சிவ் எல்லாம் அப்படி. கொஞ்சம் சூடாகவும் இருக்கலாம், அதிகச் சூடாகவும் இருக்கலாம். இன்னொரு வகைக்கு நடு நிலையே கிடையாது, ஒன்று அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் அல்லது சேர்ந்திருக்காது. இம்பாசிபிள், பெர்ஃபெக்ட், ரைட், டிஃபரென்ட், எம்ப்டி, ஃபினிஷ்ட். உங்கள் தொழிலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், கண்டெய்னர் எம்ப்டி என்றால் காலி, உள்ளே இரண்டு பெட்டி இருந்தாலும் அது எம்ப்டி யார்டுக்குப் போக முடியாது. இந்த இரண்டாம் வகைச் சொல்லோடு க்வைட் சேர்ந்தால் பொருள் ‘முழுக்க’, ‘அடியோடு’, ‘சுத்தமாக’. க்வைட் இம்பாசிபிள் என்றால் சுத்தமாக முடியாது. யூ ஆர் க்வைட் ரைட் என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. க்வைட் டிஃபரென்ட் என்றால் அடியோடு வேறு. இதில் லண்டன், நியூயார்க், சென்னை என்று வித்தியாசம் இல்லை, எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

குழப்பம் முதல் வகையில்தான் வருகிறது. குட், ஹேப்பி மாதிரிச் சொற்களோடு சேரும்போது பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ‘ஓரளவு’ என்ற பொருளில் சொல்வார்கள், அமெரிக்கர்கள் ‘நன்றாகவே’ என்ற பொருளில் சொல்வார்கள். அதனால் லண்டன்காரர் விஷயத்தில் உங்கள் அக்கா சொல்வதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் கீழே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் என்கிறீர்கள். அந்தக் கேள்விதான் அந்த மெயிலின் முக்கியமான வரி, முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள்.

வினைச்சொல்லிலும் இதே கதைதான். ஐ க்வைட் லைக் இட் என்றால் பிடித்திருக்கிறது, ஆனால் உயிரை விடும் அளவுக்கு இல்லை. ஐ க்வைட் அக்ரீ என்றால் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். பிடிப்பதில் அளவு உண்டு, ஒத்துக்கொள்வதில் ஆமாம் இல்லை என்பதுதான் உண்டு, யோசித்தால் காரணம் புரியும்.

‘க்வைட் எ ஃப்யூ’ என்றால் நிறைய! எ ஃப்யூ என்று பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நிறைய கார்ட்டன் நனைந்திருக்கிறது என்று சொல்கிறார், சேதத்தைப் பார்த்து மதிப்பிட உடனே சர்வேயரைக் கூப்பிடுங்கள். க்வைட் எ லாட், க்வைட் எ பிட், க்வைட் சம் டைம் எல்லாமே அதிகம் என்ற பக்கம்தான். க்வைட் சம் டைம் என்றால் வெகு நேரம்.

---

பெரம்பூர்வாசி:

டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பி.பி.ஓ.வில் முதலில் அமெரிக்கா பிராசஸ், அப்புறம் யு.கே. பிராசஸ் என்று இரண்டிலும் வாய்ஸ் டிரெயினிங் கொடுத்தவன். மெயிலில் தெரியாத ஒன்று பேச்சில் தெரியும், அது அழுத்தம். பிரிட்டிஷ்காரர் க்வைட்டில் அழுத்தம் கொடுத்து ‘*க்வைட்* குட்’ என்று இழுத்தால் அது குறைத்துச் சொல்வது, பின்னால் ‘ஆனால்’ ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம். அதே ஆள் குட்டில் அழுத்தம் கொடுத்து ‘க்வைட் *குட்*’ என்றால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறார்.

நம்மிடம் இதற்குச் சரியான ஜோடி இருக்கிறது, ‘பரவாயில்லை’. புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டால், ‘ம்ம்ம் பரவால்ல’ என்று சொன்னால் முகம் வாடிவிடும். ‘ஏய், பரவாயில்லையே!’ என்று சொன்னால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். சொல் ஒன்றுதான், குரல்தான் வேறு. வெள்ளைக்காரனுக்கு மட்டும் இரட்டை நாக்கு என்று நினைக்காதீர்கள், நாம் பிறந்ததிலிருந்து அதையேதான் செய்கிறோம், கவனித்ததில்லை.

இணையத்தில் பல வருடமாகச் சுற்றும் ஒரு பட்டியல் உண்டு, பிரிட்டிஷ்காரர் சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று, கேட்பவர் புரிந்துகொள்வது ஒன்று என்று மூன்று பத்தியாக இருக்கும். அதில் க்வைட் குட் என்பதற்கு எதிரே ‘கொஞ்சம் ஏமாற்றம்’ என்று போட்டிருப்பார்கள். அது சிரிப்புக்காகக் கூட்டி எழுதியது, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும்.

அமெரிக்க பையர் க்வைட் ஹேப்பி என்றால் ரேட்டில் அவருக்கு நல்ல திருப்தி, கவலை வேண்டாம். அவர்கள் ஓரளவு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ப்ரிட்டி குட்’ என்பார்கள். ப்ரிட்டி என்றதும் அழகு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. யாராவது ‘ஆர் யூ க்வைட் ஃபினிஷ்ட்?’ என்று கேட்டால் அவர் வேலை முடிந்ததா என்று விசாரிக்கவில்லை, கோபத்தில் இருக்கிறார். ‘தட்ஸ் க்வைட் இனஃப்’ என்றாலும் அப்படித்தான், போதும் நிறுத்து என்று அர்த்தம். ஆனால் நீங்கள் ஏதாவது சொன்னதற்கு அவர் வெறுமனே ‘க்வைட்’ என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது ‘அதேதான்’ என்று ஆமோதிப்பது.

---

எண்ணூர்க்காரன்:

எல்லாம் சரி. ஆனால் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்பதுதான் என் கேள்வி. கஸ்டம்ஸ் ஹவுஸ், துறைமுகம், சி.எஃப்.எஸ். எனும் கண்டெய்னர் கிடங்கு என்று அலைகிற நமக்கு நேரமே இல்லை. பிடித்தால் வெரி குட், பிடிக்கவில்லை என்றால் நாட் குட், முடிந்தது. பிரிட்டிஷ்காரர் சுற்றி வளைத்துச் சொன்னால் ‘ப்ளீஸ் கன்ஃபர்ம்’ என்று திருப்பிக் கேட்டுவிட வேண்டியதுதான். நான் எழுதும் மெயிலில் இந்தச் சொல்லை எடுப்பதே இல்லை.

---

தண்டையார்பேட்டை டீச்சர்:

அண்ணா, எழுதும்போது விட்டுவிடுங்கள் என்பதை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் ஏஜென்ட் ஒருவர் அருமையாக வேலை செய்து கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு நாம் ‘யுவர் சர்வீஸ் இஸ் க்வைட் குட்’ என்று எழுதினால் மனசு நோகும். நாம் ரொம்ப என்று நினைத்து எழுதியிருப்போம், அவர் சுமார் என்று படிப்பார். அந்த இடத்தில் வெரி, அல்லது எக்ஸலென்ட் என்று நேராகவே போட்டுவிடலாம். ஆனால் மற்றவர் எழுதுவதை நாம் தடுக்க முடியாதே. வருகிற மெயிலைப் புரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். ‘ப்ளீஸ் கன்ஃபர்ம்’ என்று கேட்டால் அவர் மறுபடியும் ‘யெஸ், இட்ஸ் க்வைட் குட்’ என்றுதான் எழுதுவார்! எதை மாற்ற வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள், அப்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

இரண்டு விஷயம் சொல்ல மறந்தேன். வெரியை எ-வுக்குப் பின்னால் போடுகிறோம், ‘எ வெரி குட் ஜாப்’. க்வைட் பொதுவாக எ-வுக்கு முன்னால் வரும், ‘க்வைட் எ குட் ஜாப்’. பரீட்சையில் பிள்ளைகள் மார்க்கைக் கோட்டை விடும் இடம் இது. அப்புறம், பெட்டர், பிக்கர் போல ஒப்பிடும் சொல்லுக்கு நேர் முன்னால் க்வைட் வராது, மச் பிக்கர் அல்லது க்வைட் எ பிட் பிக்கர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு விலக்கு, உடம்பு சரியில்லாமல் இருந்தவர் ‘ஐ ஆம் க்வைட் பெட்டர் நவ்’ என்றால் முழுசாகக் குணமாகிவிட்டார் என்று பொருள், பிரிட்டிஷ் வழக்கில்.

எழுத்துப்பிழை பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். டி-க்கு அப்புறம் ஈ வந்தால் க்வைட் (quite). ஈ-க்கு அப்புறம் டி வந்தால் கொயட் (quiet), அதாவது அமைதி. ‘வீ ஆர் கொயட் ஹேப்பி’ என்று எழுதி அனுப்பும் ஆபீஸ்கள் நம் பக்கத்தில் ஏராளம். இரண்டுமே சரியான சொல் என்பதால் கம்ப்யூட்டர் பல நேரம் சிவப்புக் கோடு போடாது. அனுப்புவதற்கு முன்னால் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

---

பழைய வண்ணாரப்பேட்டை:

டீச்சர் கடைசியில் சொன்ன எழுத்துப்பிழையிலேயே இந்தச் சொல்லின் பிறப்பும் இருக்கிறது, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. க்வைட், கொயட், க்விட் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் க்வியேட்டஸ் என்றால் அமைதியாக, ஓய்ந்து இருப்பது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது ஒரு கிளை கடன், வழக்கு, பொறுப்பு இவற்றிலிருந்து விடுபட்டவன் என்ற பொருளை எடுத்துக்கொண்டது. வேலையை விடுவதற்கு க்விட் என்கிறோமே, கோர்ட்டில் விடுதலை செய்வதற்கு அக்விட் என்கிறார்களே, எல்லாம் அந்தக் கிளைதான். பாக்கி இல்லாமல் கணக்கு முடிந்தது என்பதிலிருந்து, மிச்சம் இல்லாமல், முழுக்க என்ற பொருளில் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் க்வைட் வழக்கத்துக்கு வந்தது. ஆக மூத்த பொருள் ‘முழுக்க’தான். ‘ஓரளவு’ என்பது ரொம்பப் பின்னால், 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. மண்ணடித் தம்பி கேட்டாரே, இரண்டு பொருளும் எப்படி ஒரே சொல்லுக்கு என்று, பதில் இதுதான். ஒன்று பழையது, ஒன்று தேய்ந்தது. பழையது இம்பாசிபிள், ரைட் மாதிரிச் சொற்களோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டது.

தமிழில் இதே வழியில் நடந்த சொல் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது, ‘தீர’. கடன் தீர்ந்தது, கணக்குத் தீர்ந்தது என்கிறோம். அதிலிருந்து ‘தீர விசாரிப்பதே மெய்’. அங்கே தீர என்றால் முழுக்க, மிச்சம் வைக்காமல். கடன் அடைபடுவதிலிருந்து முழுமைக்குப் போன பயணம் அங்கேயும் இங்கேயும் ஒன்றாக இருக்கிறது, யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. நாம் தேயவிடவில்லை, அவர்கள் தேயவிட்டுவிட்டார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

வெரி என்ற சொல்லும் அப்படித்தான். பழைய பிரெஞ்சில் உண்மை என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. ‘தி வெரி மேன்’ என்றால் அதே ஆள், மெய்யான ஆள் என்று இன்றைக்கும் பழைய பொருள் ஓரமாக ஒட்டியிருக்கிறது. நம் பக்கத்தில் ‘மெய்யாலுமே சூப்பரா இருந்துச்சுபா’ என்கிறோம், அதில் மெய் என்ற சொல் செய்வதும் அந்த வேலைதான். வடசென்னைப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மெய் என்பது அழகான பழந்தமிழ்ச் சொல், அதைத் தினமும் வாயில் வைத்திருப்பவர்கள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும்தான் அதிகம். ரொம்ப என்பதும் நிரம்ப என்பதிலிருந்து வந்ததுதான்.

அச்சத்தைச் சொல்லும் சொல்லை எடுத்து அழுத்தத்துக்கு வைப்பதும் இரண்டு மொழியிலும் உண்டு. ஆங்கிலத்தில் டெரிப்ளி, ஆஃபுலி. இங்கே ‘பயங்கரமா நல்லா இருக்கு’. டெரிப்ளி சாரி என்று யாராவது எழுதினால் பயப்பட ஒன்றும் இல்லை, ரொம்ப வருந்துகிறேன், அவ்வளவுதான்.

மிகுதியைச் சொல்லத் தொல்காப்பியம் உறு, தவ, நனி என்று மூன்று உரிச்சொல் சொல்லும். நன்னூல் அதோடு சால, கூர், கழி மூன்றையும் சேர்த்து ஆறாக்கும். அந்த ஆறில் இன்றைக்குச் சாலச் சிறந்தது என்று மேடையில் கேட்கலாம், நனி எப்போதாவது வாழ்த்து மடலில் வரும். பேச்சில் ஆறுமே போய்விட்டது. அந்த இடத்தில் இன்று ரொம்ப, செம, பயங்கரம். எல்லா மொழியிலும் அழுத்தச் சொல்தான் சீக்கிரம் தேயும், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் அதிகம் எடுத்துச் செலவு செய்கிறோம்.

---

மண்ணடி ஷிப்பிங்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தீர என்ற சொல்லைப் பற்றி எழுதியதைப் பிரிண்ட் எடுத்து மேனேஜர் டேபிளில் வைத்துவிட்டேன், அவர் தமிழ்ப் பிரியர். அக்காவிடம் இந்தத் திரி முழுவதையும் காட்டினேன், அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

லண்டன் ஏஜென்ட்டுக்கு, எதை மாற்றினால் உங்களுக்கு வசதி என்று டீச்சர் சொன்ன மாதிரிக் கேட்டு எழுதினேன். பதில் வந்துவிட்டது. ‘தி வெயிட் காலம் இஸ் நாட் க்வைட் வாட் வீ ஆஸ்க்ட் ஃபார்’ என்கிறார், அதாவது எடை போடும் பத்தியைச் சொல்கிறார். நாட் க்வைட் என்றால் எப்படி? க்வைட் ஓரளவு என்றால், ஓரளவுகூட இல்லை என்று ஆகுமா? அப்படியானால் முழுக்கத் தப்பாகப் போட்டிருக்கிறோமா?

---

தண்டையார்பேட்டை டீச்சர்:

இல்லை தம்பி, அப்படிக் கணக்குப் போடாதீர்கள். நாட் வந்தால் எப்போதும் பழைய பொருள்தான் வேலை செய்யும், முழுக்க. நாட் க்வைட் என்றால் ‘முழுசாக இல்லை’. நாட் க்வைட் ரெடி என்றால் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஆகவே நேர்ப் பொருள், நாங்கள் கேட்டதுக்குக் கிட்டே வந்திருக்கிறது, ஆனால் கேட்டது அது இல்லை. இதில் பிரிட்டிஷ் மரியாதையும் கலந்திருக்கிறது, முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லாமல் இப்படிச் சொல்வார்கள், அதனால் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். அவர் எடையைப் பற்றி முதலில் என்ன கேட்டிருந்தார் என்று பழைய மெயிலை எடுத்துப் பாருங்கள்.

---

பெரம்பூர்வாசி:

பெரும்பாலும் பெட்டியோடு சேர்த்த கிராஸ் வெயிட்டும் சரக்கு மட்டுமான நெட் வெயிட்டும் தனித்தனிப் பத்தியாகக் கேட்டிருப்பார், நீங்கள் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கார்ட்டனுக்கும் தனி எடை வேண்டும் என்றிருப்பார். பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) டிராஃப்ட் போவதற்குள் சரிசெய்துவிடுங்கள், அதற்கு அப்புறம் திருத்தம் என்றால் கப்பல் லைன்காரர்கள் காசு கேட்பார்கள்.

---

மண்ணடி ஷிப்பிங்:

அதேதான் சார், பழைய மெயிலில் கிராஸ், நெட் தனியாக என்று தெளிவாக எழுதியிருக்கிறார். இப்போதே பிரித்துப் போட்டு அனுப்புகிறேன். மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன், மற்ற ஷிப்மென்ட்டுகளுக்கு இந்த ஃபார்மேட்டை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்.